ஓவியம் மேடைக்கு வரும்போது: யதார்த்த ஓவியரிடம் நாடகம் எதை வாங்கிக்கொள்கிறது?

நாடக அறிவிப்புகளில் சில வேளை "இன்ன ஓவியரின் படைப்புகளின் பாதிப்பில் உருவான ஆற்றுகை" என்று ஒரு வரி இருக்கும். படிப்பவருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். ஓவியம் அசையாது, பேசாது. நாடகத்துக்கோ கதை வேண்டும், பேச்சு வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆட்களை உட்காரவைக்க வேண்டும். அப்படியானால் ஓவியத்திலிருந்து எடுத்தது என்ன? பின்னால் திரையில் அந்தப் படத்தை வரைந்து தொங்கவிடுவதா? படத்தில் நிற்பவர்களைப் போல நடிகர்களை நிற்கவைப்பதா?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் நாடகம் போடும் இளைஞர்களுக்கும், பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர்களுக்கும் இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. கையில் காசில்லை, ஒளியமைப்புக் கருவி இல்லை, பெரிய மண்டபம் இல்லை. ஓர் ஓவியம் அவர்களுக்கு உண்மையிலேயே என்ன கொடுக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தத்ரூபம் வேறு, யதார்த்தம் வேறு

போட்டோ பிடித்ததுபோல அச்சு அசலாக வரைந்தால் அது யதார்த்த ஓவியம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. ரவிவர்மா (1848–1906) துணியின் மடிப்பையும் தோலின் மினுக்கத்தையும் ஐரோப்பிய தைலவண்ண முறையில் தத்ரூபமாக வரைந்தார். ஆனால் அவர் பெரும்பாலும் வரைந்தது தெய்வங்களையும் புராணப் பாத்திரங்களையும் அரச குடும்பத்தாரையும். கை யதார்த்தமாக இருந்தது, பார்த்த உலகம் வேறு.

யதார்த்தவாதம் என்று கலை வரலாறு சொல்வது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் கிளம்பிய ஒரு நிலைப்பாட்டை. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே 1849இல் இரண்டு கல்லுடைப்பவர்களை வரைந்தார். ஒருவர் கிழவர், மற்றவன் பையன். இருவர் முகமும் நமக்குச் சரியாகத் தெரியாது. கிழவரின் முகத்தைத் தொப்பி மறைக்கிறது, பையன் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான். அந்தப் படம் 1945இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் அருகே குண்டுவீச்சில் அழிந்துபோனது. இன்று இருப்பவை புகைப்படங்கள்தான். ஆனாலும் அது எழுப்பிய கேள்வி அழியவில்லை: வீரனுக்கும் தேவதைக்கும் கொடுத்த கித்தான் அளவைக் கூலிக்காரனுக்கு ஏன் கொடுக்கக்கூடாது?

நாடகக்காரருக்கு இந்த இரண்டாவது அர்த்தம்தான் முக்கியம். யாரைப் பார்ப்பது, எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பது, எதை மறைப்பது என்ற முடிவுகள் ஓவியத்திலும் மேடையிலும் ஒன்றேதான். கூர்பே முதுகு காட்டிய மனிதர்களை வரைந்து சுமார் 40 ஆண்டுகளுக்குள், 1887இல், நாடக இயக்குநர் அந்த்ரே அந்துவான் பாரிஸில் 'சுதந்திர அரங்கு' என்ற நாடக அரங்கைத் தொடங்கினார். பார்வையாளருக்கு முதுகைக் காட்டியபடி நடித்ததற்காக அவர் பேசப்பட்டார். மேடையில் முதுகு காட்டக்கூடாது என்று இன்றும் நம் பாடசாலைகளில் சொல்லித்தருகிறோம். அந்த விதியை ஓவியர்கள் அதற்கு முன்பே உடைத்துவிட்டார்கள்.

படத்தை அப்படியே நிறுத்துவது: உறைகாட்சி

ஓவியத்தை மேடைக்குக் கொண்டுவர மிகப் பழைய வழி இது. நடிகர்கள் ஓவியத்தில் உள்ள அதே நிலையில், அதே உடையில், சிலைபோல நிற்பார்கள். அதற்கு உறைகாட்சி என்று பெயர்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு லண்டனில் 1832இல் நடந்தது. ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் வில்கி இரண்டு படங்கள் வரைந்திருந்தார். ஒன்று 'வாடகை நாள்' (1807): நிலச் சொந்தக்காரரின் ஆள் மேசையில் உட்கார்ந்து குத்தகைக் காசு வாங்குகிறான், குடியானவர்கள் காத்து நிற்கிறார்கள். மற்றது 'வாடகைக்காக ஜப்தி' (1815): காசு கட்டமுடியாத குடும்பத்தின் வீட்டுக்குள் ஆட்கள் புகுந்து, கட்டில் முதல் சட்டி வரை கணக்கெடுக்கிறார்கள். வீட்டுக்காரர் மேசையில் கைவைத்து, தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டக்ளஸ் ஜெரால்ட் என்ற நாடகாசிரியர் இவற்றை வைத்து ஒரு நாடகமே எழுதினார். ட்ரூரி லேன் அரங்கில் திரை விலகியபோது முதல் படம் உயிரோடு நின்றது. முதல் அங்கம் முடியும்போது இரண்டாவது படம் உறைந்து நின்றது. இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்பதுதான் அந்த அங்கத்தின் கதை.

இந்தக் கடைசி விஷயம் கவனிக்கத்தக்கது. ஜெரால்ட் படத்தை அலங்காரமாக வைக்கவில்லை. ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குப் போகும் வழியைக் கதையாக்கினார். படங்களை நட்டுவைத்த கம்பங்கள்போலப் பயன்படுத்தி, நடுவில் கயிறு கட்டினார். இன்றைக்கும் இரண்டு ஓவியங்களை எடுத்துக்கொண்டு நாடகம் செய்ய நினைப்பவருக்கு இது நல்ல முறை.

குறையும் உண்டு. உறைகாட்சியில் பார்வையாளர் "அட, அதே படம்!" என்று கைதட்டுவார். தட்டிய கையோடு படத்தில் இருக்கும் துயரம் கடந்துபோய்விடும். மூலப்படத்தைப் பார்த்திராத ஊரில் அந்தக் கைதட்டல்கூடக் கிடைக்காது. என் கணிப்பில், உறைகாட்சியை ஒரு நாடகத்தில் ஒரு தடவைக்கு மேல் வைப்பது வீண்.

அப்படியென்றால் எதை எடுப்பது?

1. உடலில் ஏறும் பாரம்

ருஷ்ய ஓவியர் இலியா ரெப்பின் 1870இல் வோல்கா நதிக்கரைக்குப் போனார். 1873இல் முடித்த படத்தில் 11 பேர் மார்பில் தோல்வார் மாட்டிக்கொண்டு, நதியில் இருக்கும் படகை ஆற்றோரமாக இழுத்துப்போகிறார்கள். பதினொருவரும் ஒரே வேலைதான் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் சாய்வது மற்றவர் சாய்வதுபோல் இல்லை. ஒருவர் பழகிப்போய் வாயில் புகைக்குழலோடு நடக்கிறார். நடுவில் ஒரு பையன் மட்டும் நிமிர்ந்து, தோளில் உரசும் வாரைக் கையால் தூக்கிப் பார்க்கிறான். அவனுக்கு இன்னும் பழகவில்லை.

இதை அப்படியே மலையகத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் ஏறும். நெற்றிக்கு மேலே, துண்டு மடித்த இடத்தில். கூடை நிறைய நிறையக் கழுத்து முன்னால் போகும், இடுப்பில் கட்டிய படங்கு ஈரத்தில் கனக்கும், கைகள் மட்டும் ஓயாது. பதினைந்து வருடம் எடுத்தவரின் கழுத்தும் நேற்றுப் பேர் பதிந்த பிள்ளையின் கழுத்தும் ஒன்றுபோல் இருக்காது. நடிகைக்கு வெறும் கூடையை மாட்டிவிட்டால் அவர் கூடையைச் சுமப்பதாக 'நடிப்பார்'. உள்ளே ஐந்தாறு கிலோ போட்டு அரை மணி நேரம் சரிவில் நடக்கவிட்டால் நடிக்கவே வேண்டாம், உடம்பு தானாகச் சாயும். பதினொரு பேருக்குப் பதினொரு சாய்வு என்பதே ரெப்பினிடம் ஒத்திகைக்காக எடுக்கவேண்டிய பாடம்.

2. ஆட்களுக்கு நடுவில் உள்ள தூரம்

பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்க மூன்று ஏழைப் பெண்கள் வந்திருக்கிறார்கள். ஒருத்தி குனிந்து கதிரை எடுக்கிறாள். இரண்டாமவளும் குனிந்தே தேடுகிறாள், ஒரு கை முதுகில். மூன்றாமவள் பாதி நிமிர்ந்து கையிலிருப்பதைச் சேர்த்துக் கட்டுகிறாள். குனிவது, எடுப்பது, நிமிர்வது என்று ஒரே வேலையின் கட்டங்கள் மூன்று உடம்பில் பிரிந்து கிடக்கின்றன. அசையாத படத்துக்குள் அசைவை வைக்கும் வித்தை இது. மேடையில் மூன்று பேரை இப்படி வேளை மாற்றி மாற்றி அசையவிட்டாலே போதும், வேலையின் தாளம் வந்துவிடும். தனியாக நடனம் அமைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் படத்தின் உயிர் பின்னால் இருக்கிறது. தூரத்தில் வைக்கோல் போர்கள், நிறைந்த வண்டி, ஆட்கள் கூட்டம். வலது ஓரத்தில் குதிரைமேல் ஒருவர், பண்ணையின் மேற்பார்வைக்காரர். விரல் நகம் அளவுதான் இருக்கிறார். படத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் அங்கே இருப்பதால்தான் அந்தப் பெண்களின் குனிவுக்கு அர்த்தம் வருகிறது.

தேயிலை மலையில் இது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. கீழே நிரையில் பெண்கள், மேலே ரோட்டில் வேலை வாங்கும் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ தோட்ட மேலாளரான துரையோ. மலையக நாடகங்களில் துரையை மேடையின் நடுவில் கொண்டுவந்து பிரம்பைச் சுழற்றி அதட்டவைப்பது வழக்கமாகிவிட்டது. மில்லேயிடம் கற்றவர் அப்படிச் செய்யமாட்டார். துரையைத் திடலின் கடைசியில், பார்வையாளருக்கும் பின்னால், ஒரு மேட்டில் நிறுத்துவார். ஒரு வசனமும் கொடுக்கமாட்டார். பார்வையாளர்கள் அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் திரும்பலே நாடகம்.

3. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

தமிழ்நாட்டு ஓவியர் எஸ். இளையராஜா 2021இல் கொரோனாவில் இறந்துபோனார். அவர் வரைந்த கிராமத்துப் பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பார்கள். ஜன்னலிலிருந்தோ முற்றத்திலிருந்தோ ஒரு வெளிச்சம் வந்து கன்னத்திலும் கையிலும் விழும், மிச்சம் இருட்டு. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் அந்த வீட்டின் அமைப்பே தெரிந்துவிடும்.

தோட்டத் தொழிலாளர் குடும்பம் வாழும் வரிசைவீட்டு அறையான லயன் காம்பரா ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடி. பழைய லயன்களில் முன்னால் ஒரு கதவு, பின்பக்கம் அடுத்த வீட்டின் சுவர். வெளிச்சம் வர ஒரே வழி கதவுதான், அதிலும் முன் திண்ணையான இஸ்தோப்பின் தாழ்ந்த தகரக் கூரை பாதியை மறைத்துவிடும். ஆகவே அந்த வீட்டில் ஒருவர் வாசலில் வந்து நின்றால் உள்ளே இருப்பவருக்கு இருட்டிவிடும். இது நாடகக்காரருக்குக் கிடைத்த புதையல். கடன்காரர் வாசலில் நிற்கிறார், உள்ளே வெளிச்சம் போகிறது. மகன் கொழும்புக்குப் புறப்பட்டு வாசலைத் தாண்டுகிறான், வெளிச்சம் வருகிறது. இதற்கு விலை கூடிய விளக்குகள் வேண்டாம். ஒரு பக்கம் வைத்த ஒரு விளக்கும், அதை மறைக்க ஒரு உடம்பும் போதும்.

4. பொருட்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். யதார்த்த ஓவியத்தில் ஒரு பொருள் இருந்தால் அது யாரோ பாவித்த பொருள். வில்கியின் ஜப்திப் படத்தில் கணக்கெடுக்கப்படுவது அந்தக் குடும்பத்தின் சட்டிபானை. மலையகத்தில் அதற்கு நிகர் தகரப் பெட்டி. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அதன்படி புறப்பட்டவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வந்த விலைக்கு விற்றுவிட்டு, பெட்டியோடு கோச்சி, அதாவது ரயில், ஏறினார்கள். மேடையில் பத்துப் பொருள் வைப்பதைவிட, மூடி நெளிந்த ஒரு பெட்டியை வைத்து, அதற்குள் எதை வைப்பது எதை விடுவது என்று ஒரு குடும்பம் தடுமாறுவதைக் காட்டினால் போதும்.

5. படத்துக்கு முன்னும் பின்னும்

ஓவியம் ஒரு நொடி. அதற்கு முந்தின நொடியும் பிந்தின நொடியும் நாடகக்காரருடையவை. நடிகர்கள் படத்தின் நிலையில் நின்று, இரண்டு நிமிடம் பின்னோக்கிப் போய், அங்கிருந்து மறுபடி அந்த நிலைக்கு வந்துசேரப் பழகுவது நல்ல பயிற்சி. பேச்சு எழுதுவதற்கு முன் இதைச் செய்யவேண்டும். எழுதிவிட்டுச் செய்தால் எல்லோரும் வசனத்துக்காக நிற்பார்கள்.

ஓவியரின் வேலைமுறையும் ஒரு பாடம்

ரெப்பின் ஆற்றங்கரைக்குப் போய் அந்த மனிதர்களோடு பழகி வரைந்தார். 1902இல் மாஸ்கோ கலை அரங்கு ருஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் நாடகமொன்றைத் தயாரித்தபோது, இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் குழுவினரும் மாஸ்கோவின் ஹித்ரோவ் சந்தைப் பகுதியின் சத்திரங்களுக்கே போய், வீடற்றவர்கள் படுப்பதையும் பேசுவதையும் பார்த்துவந்தார்கள். போய்ப் பார்ப்பது என்ற ஒரே வேலைமுறைதான் இரண்டிலும்.

பாதை மறுபக்கமும் ஓடும். ஜெர்மனியில் சைலீசிய நெசவாளர்கள் 1844இல் செய்த கிளர்ச்சியை நாடகாசிரியர் ஹாப்ட்மன் நாடகமாக்கினார். 1893இல் பெர்லினில் அதைப் பார்த்த இளம் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ், கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அடுத்த நான்கு ஆண்டுகளில் ஆறு அச்சுப்படங்கள் செய்தார். வறுமை, மரணம், சதியாலோசனை, ஊர்வலம், தாக்குதல், முடிவு. நாடகக் காட்சிகளை அவர் படியெடுக்கவில்லை, தன் நகரத்து ஏழைகளைப் பார்த்து வரைந்தார். அவருக்குப் பரிசு கொடுக்க நடுவர்கள் பரிந்துரைத்தபோது ஜெர்மன் பேரரசர் மறுத்துவிட்டார். ஒரு நாடகம் ஓவியமாகி அரசரையே சங்கடப்படுத்தியது.

மலையகத்தில் எழும் தனிச் சிக்கல்கள்

முதல் சிக்கல் சட்டகம். ஓவியத்துக்கு நான்கு விளிம்பு உண்டு, ஒரே பக்கத்திலிருந்துதான் பார்க்கமுடியும். அதை மேடைக்குக் கொண்டுவரும்போது மூன்று சுவர் வைத்த அறை அமைத்து, நான்காவது சுவரை எடுத்துவிட்டதாகப் பாவனை செய்வது ஐரோப்பிய வழக்கம். மலையகத்தின் சொந்த அரங்கு அப்படி இல்லை. மாசி மாதம் காமன் நட்டு, தப்புப் பறை முழங்க, ரதியும் மதனும் ஆடி, தகனத்தோடு முடியும் காமன் கூத்தைத் திடலில் சுற்றிநின்று பார்க்கிறோம். அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அப்படித்தான். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. பார்வையாளர்களே விளிம்பு.

அப்படியானால் யதார்த்த ஓவியத்தைக் கூத்துக்களத்துக்குக் கொண்டுவர முடியாதா? முடியும் என்றே நினைக்கிறேன். சட்டகத்தை விட்டுவிட்டு, மேலே சொன்ன பாரத்தையும் தூரத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும். சுற்றிநிற்கும் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு படம் கிடைக்கும். கிழக்கே நிற்பவர் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார், மேற்கே நிற்பவர் அவள் முதுகில் தொங்கும் கூடையைப் பார்ப்பார். ஓர் ஓவியருக்குக் கிடைக்காத வசதி இது. யதார்த்த ஓவியத்திலிருந்து வரும் நாடகம் யதார்த்த நாடகமாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தப்பின் அடி ஒன்றுக்கு ஒரு கொழுந்து என்று கைகள் அசைந்தால், அது கூத்தும்தான், மில்லேயும்தான்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. மலையகப் பெண் ஏற்கெனவே படமாக்கப்பட்டவர். தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பிடித்துச் சிரிக்கிறார். அதற்கு எதிராக நாம் செய்வதென்று நினைத்து, எப்போதும் அழும் பெண்ணை மேடையில் நிறுத்துகிறோம். சிரிப்பும் அழுகையும் மாறியிருக்கிறதே தவிர, இரண்டிலும் அவருக்குப் பெயரில்லை, முகமில்லை, சொந்தக் குணமில்லை. யதார்த்த ஓவியர் இந்த இடத்தில்தான் உதவுகிறார். ரெப்பினின் பதினொருவரில் எவரும் 'உழைப்பாளி வர்க்கம்' என்று பொதுவாக நிற்கவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முன் நிற்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிக்கிறார்கள். அவர் கண் முள்ளில் இருக்கிறது, வாய் பின்னால் நிற்பவளிடம் ஏதோ பகிடி சொல்கிறது, விரல் மனதுக்குள் கணக்குப் போடுகிறது. அழுகை இல்லை. ஆனால் பார்ப்பவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

மூன்றாவது, வரைபவர் யார் என்பது. வட இங்கிலாந்தின் ஆஷிங்டன் என்ற ஊரில் 1934இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஓவிய வகுப்பில் சேர்ந்து தங்கள் வேலையையும் வீட்டையும் தாங்களே வரையத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றிய நாடகம் 2007இல் நியூகாசிலில் மேடையேறியது. வெளியிலிருந்து வந்து பார்த்தவரின் படத்துக்கும், உள்ளேயிருந்து வரைந்தவரின் படத்துக்கும் உள்ள வித்தியாசம் மேடையிலும் தெரியும். லயத்தில் பிறந்து வளர்ந்து ஓவியம் கற்ற பிள்ளைகள் இன்று மலையகத்தில் இருக்கிறார்கள். நாடகக் குழுக்கள் பாரிஸ் படத்தைத் தேடுவதோடு இவர்கள் வீட்டுக் கதவையும் தட்டவேண்டும்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியரின் பதிப்புரிமை அவர் வாழ்நாள் முழுதும், இறந்த பின் 70 ஆண்டுகளும் இருக்கும். மில்லே 1875இலும் ரெப்பின் 1930இலும் இறந்தவர்கள், யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. 2021இல் இறந்தவரின் படம் என்றால் 2091 வரை உரிமை அவர் வாரிசுகளுக்கு உண்டு. வெளிச்சம் விழும் விதத்தையோ ஒரு கருத்தையோ யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் படத்தையே திரையில் காட்டுவது, சுவரொட்டியில் அச்சிடுவது, உருவங்களை அப்படியே உறைகாட்சியாக நிறுத்துவது என்றால் எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது. உயிரோடு இருக்கும் ஓவியர் என்றால் அனுமதியோடு நிற்காமல் ஒத்திகைக்கே அழைக்கலாம்.

ஒத்திகைக்கு அழைக்கவேண்டிய இன்னொருவரும் இருக்கிறார். மலையில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. எத்தனை ஓவியம் பார்த்துப் பழகினாலும், நகரத்தில் வளர்ந்த நடிகை கூடைக் கயிற்றை நெற்றியில் கீழே இறக்கித்தான் போடுவார். அம்மா எழுந்து வந்து அதை இரண்டு விரல் மேலே ஏற்றி, துண்டை ஒரு மடிப்பு மடித்து அடியில் செருகுவார். "இப்ப நட பிள்ளை" என்பார்.